பெயரை அழித்தால் போதுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் கல்லூரிக்கு வந்த பஸ்ஸில் கண்டக்டருக்கு நம்மை நன்றாகத் தெரியும். யார் எந்த ஸ்டாப்பில் ஏறுவான், யாருக்காக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வருவான் என்பதுகூடத் தெரியும். (சிரிப்பு) ஆனா அவர் அதை எழுதி வைக்கலை. இப்போது பல ஊர்களில் வந்துவிட்ட மின்னணுப் பயணக் கார்டு எழுதி வைக்கும். ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், எல்லாம்.

என் வேலையே இந்த மாதிரிக் கணக்குகளோடுதான். சில வருஷம் முன்பு ஒரு நிறுவனத்துக்காகப் பயணப் பதிவுகளைத் தயார் செய்தேன். பெயரை நீக்கினேன், கார்டு எண்ணுக்குப் பதில் வேறு எண் போட்டேன். "இனி யாரையும் அடையாளம் காண முடியாது" என்று கையெழுத்தும் போட்டேன். மெல்போர்ன் விவகாரத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரயில், டிராம், பஸ் மூன்றுக்கும் 'மைக்கி' என்று ஒரே கார்டு. 2018இல் அரசுப் போக்குவரத்து அமைப்பு ஒரு கணினிப் போட்டிக்காக மூன்று வருஷப் பதிவுகளைக் கொடுத்தது. சுமார் 1.5 கோடி கார்டுகள், 180 கோடி பதிவுகள். பெயர் கிடையாது, மாற்று எண்தான். நான் செய்த அதே வேலை!

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலில் தங்கள் கார்டையே தேடினார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே ஏறினோம் என்று அவரவருக்குத் தெரியுமே. இரண்டு மூன்று பயணம் பொருந்தினாலே பெரும்பாலும் ஒரு கார்டுதான் மிஞ்சும். அதைப் பிடித்தால் மூன்று வருஷமும் கையில். அடுத்து, கூட வேலை பார்க்கிறவரைக் கண்டுபிடித்தார்கள், சேர்ந்து போன பயணத்தை வைத்து. பிறகு ஒரு சட்டமன்ற உறுப்பினர். ரயில் பயணம் பற்றி அவரே ட்விட்டரில் போட்டிருந்த செய்திகள் போதுமாக இருந்தன.

தனிமனிதர் விவரம் இதில் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2019இல் மாநிலத் தகவல் ஆணையர் அதை ஏற்காமல், தனியுரிமைச் சட்டம் மீறப்பட்டது என்றார்.

எம்.எல்.ஏ. தன்னைப் பார்த்துக்கொள்வார். அடி தாங்காமல் பிரிந்து போன ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்க. அவளுடைய பழைய பயணம் இரண்டு கணவனுக்குத் தெரியாதா? அவள் இப்போது எங்கே இறங்குகிறாள் என்பதும் அதே எண்ணின் கீழ்தான் இருக்கிறது.

2010இல் ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டு நிறுவனம் சுமார் 20 லட்சம் பேரின் விவரங்களைக் காசுக்குக் கொடுத்தது வெளியே வந்தது. அது ஆசை. மெல்போர்னில் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். எனக்கு அதுதான் அதிக பயம்.

தம்பிகளே, நேரத்தை மணிக்கணக்காக மழுக்கலாம். மாற்று எண்ணைத் தினமும் மாற்றலாம். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதுதான் தேவை என்றால், மொத்தத்தைக் கொடுத்தாலே போதும்.

நான் அந்த நிறுவனத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். நாலு தடவை நடந்தபிறகு பழைய கோப்பை அழித்துவிட்டு, ஸ்டேஷன்வாரியான மொத்தக் கணக்கை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் அந்தக் கோப்பு யார் யார் கைக்குப் போயிருந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

செயலாளர் வாட்சைப் பார்க்கிறார்.