சீக்கிய இளைஞர் முகாமும் கடல் கடந்த தொண்டும்



தேக்காச் சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தால், பூமாலைக் கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில் ஆகியவற்றைத் தாண்டி, டவுனர் சாலை முனையில் ஒரு குவிமாடம் தெரியும். அதுதான் மத்திய சீக்கியக் கோயில். 1912-ஆம் ஆண்டில் குவீன் ஸ்திரீட்டில் ஒரு பங்களாவில் தொடங்கிய கோயில், நகரச் சீரமைப்பினால் இடம் பெயர்ந்து, 1986-ஆம் ஆண்டில் இங்கே வந்தது. தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படும் பெருமாள் கோயிலுக்கும் இதற்கும் நடைதூரம்தான். ஆயினும் நம்மவருள் இதனுள்ளே போய் வந்தவர்கள் சிலரே. நாங்களும் பல ஆண்டுகள் இதைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்து வந்தோம்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், எதிர்வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டு அம்மாள் ஒருநாள் எங்களிடம் வந்து, "மலேசியாவில் எங்கள் பிள்ளைகளுக்கு முகாம் நடக்கிறது. உதவிக்கு ஆள் போதவில்லை. நீங்கள் இருவரும் ஐந்து நாள் வருவீர்களா?" என்று கேட்டார். நாங்கள் கணவனும் மனைவியும் வாரக் கடைசிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த பழக்கமுடையவர்கள். அதனால்தான் கேட்கிறார் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டு ஒப்புக்கொண்டோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

இத்தகைய முகாமைச் சீக்கியர்கள் 'சமேலன்' என்பார்கள். நாம் சம்மேளனம் என்கிறோமே, அதே சொல்தான். மலேசியாவில் சீக்கிய நவ்ஜவான் சபா என்ற இளைஞர் அமைப்பு ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் பெரிய சமேலன் ஒன்றை நடத்தி வருகிறது. சிலாங்கூரில் கோலக் குபு பாருவில் உள்ள 'கால்சா லேண்ட்' என்ற இடம் இதனால் சீக்கியப் பிள்ளைகளிடையே பேர்பெற்றது. ஊர்தோறும் இதைவிடச் சிறிய முகாம்களும் நடப்பதுண்டு. நாங்கள் போனது அவற்றுள் ஒன்று. எங்கே நடந்தாலும் அன்றாட ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். விடியுமுன் எழுந்து குளித்துக் குரு நானக் அருளிய ஜப்ஜியை ஓதுவார்கள். பிறகு குர்முகி எழுத்து வகுப்பு, ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் கீர்த்தனைப் பயிற்சி, தலைப்பாகை கட்டும் பழக்கம், நம் சிலம்பத்தை நினைவூட்டும் கட்கா விளையாட்டு, மாலையில் பந்தாட்டம் என்று பொழுது போகும்.

எல்லை கடந்து ஆள் போய் உதவ வேண்டிய தேவை ஏன் வருகிறது? சிங்கப்பூரில் சீக்கியர் தொகை மிகச் சிறியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள், நிரந்தரவாசிகளுள் சீக்கிய சமயத்தினர் 12,000 பேர் அளவிலேயே இருந்தனர். ஆனால் அவர்கள் வரலாறு நீண்டது. 1850-இல் ஆங்கிலேயர் பாய் மகாராஜ் சிங்கைக் கைதியாக இங்கே கொண்டுவந்தனர். அவர் 1856-இல் சிறையிலேயே மறைந்தார். 1881-இல் சீக்கியக் காவற்படை வந்தது. துறைமுகக் காவலர்களாக இருந்த சீக்கியர்கள் கட்டிய சிலாட் ரோடு குருத்துவாரா 1924-இல் எழுந்தது. மகாராஜ் சிங்கின் நினைவிடம் இன்று அங்கேதான் இருக்கிறது. காவலுக்கும் வணிகத்துக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தில் கனவு காண்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான்.

ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பணத்தாளில் தமிழ் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். பஞ்சாபிக்கு அந்த இடம் இல்லை. பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பஞ்சாபியை எடுக்கும் வாய்ப்பே 1990-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. அதே 1990-இல் சிங்கப்பூர்ச் சீக்கியக் கல்வி அறநிறுவனம் தோன்றி, வார இறுதி வகுப்புகளைச் சமூகத்தாரே நடத்தி வருகிறார்கள். அரசாங்கம் ஆசிரியரைத் தந்து, பாடநூலைத் தந்து, தேர்வையும் வைத்தும், நாம் "பிள்ளை தமிழ் பேசமாட்டேன் என்கிறான்" என்று குறைபட்டுக்கொள்கிறோம். வாரத்தில் ஒருநாள் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் எங்களுக்கு இருந்தது. அந்த ஒருநாள் வகுப்பு செய்ய முடியாததைச் செய்யத்தான் ஐந்து நாள் முகாம். அங்கே பிள்ளைகள் சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கி, சேர்ந்து ஓதுகிறார்கள்.

இரவுப் பேருந்தில் புறப்பட்டோம். ஜோகூர்க் கடற்பாலத்தைப் பற்றிச் சிங்கப்பூர் நேயர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் அந்த நெரிசலில் முப்பது பிள்ளைகளை இறக்கி, கடப்பிதழ்களைச் சரிபார்த்து, ஒருவனும் தவறாமல் மீண்டும் பேருந்தில் ஏற்றுவது தனி வேலை. பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள், மருந்து ஒவ்வாமைக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்த இளைஞரை அந்த இரவில் நாங்கள் மிகவும் மதித்தோம். அவர் எந்த வகுப்பும் எடுக்கவில்லை. எந்த மேடையிலும் ஏறவில்லை.

முகாமை அடைந்ததும் எங்கள் பையிலிருந்து எழுத்து அட்டைகளையும், இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய "தாய்மொழிப் பற்று" என்ற உரையையும் எடுத்தோம். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தோம், அது வேறு வேடிக்கை. பொறுப்பாளர் அதை இரு கைகளாலும் வாங்கி, மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெங்காயம் நறுக்குவீர்களா?" என்று கேட்டார். இருநூறு பேருக்குச் சமையல். மூட்டை மூட்டையாக வெங்காயம் கிடந்தது. உள்ளுக்குள் எங்களுக்குச் சற்றுச் சுருக்கென்றது என்பதை மறைப்பானேன்? வெங்காயத்தின் முன் உட்கார்ந்த பிறகு கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

சீக்கியர்களின் லங்கர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குருத்துவாராவில் யார் வந்தாலும் தரையில் வரிசையாக அமர்ந்து உண்பது. அந்த வரிசைக்கு அவர்கள் இட்ட பெயர் பங்கத். நாம் சொல்லும் 'பந்தி' அதன் உடன்பிறப்பே. இரண்டாம் குருவான அங்கதரின் துணைவியார் மாதா கீவி லங்கர் உணவைக் கவனித்து வந்ததைக் குரு கிரந்த சாகிப்பே போற்றுகிறது. மூன்றாம் குருவான அமர்தாஸைக் காண வந்த அக்பரும் முதலில் பந்தியில் உட்கார்ந்து உண்டுவிட்டே வந்தார் என்பது சீக்கியர் சொல்லும் வரலாறு. ஆகவே, சமையற்கூடத்துக்கு அனுப்புவது அவர்கள் கணக்கில் தாழ்த்துவது ஆகாது. சேவையின் முதற்படி அங்கேதான் இருக்கிறது. செருப்புகளைத் துடைத்து அடுக்குவதும் அதே மதிப்புள்ள வேலை. மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்தோம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மாலை. ரொட்டிக்கு மாவு பிசைந்து உருட்டிக் கொண்டிருந்தோம். உதவிக்கு வந்த சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். இடுப்பில் ஒரு சிறு புத்தகத்தைச் செருகியிருந்தான். ஓதவேண்டிய பாடல்கள் முழுவதும் அதில் ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. "எல்லாம் மனப்பாடம்" என்று ஓதிக் காட்டினான். பஞ்சாபி அறியாத எங்கள் காதுக்கே ஏதோ இடறியது. பக்கத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். பலகையில் மாவைப் பரப்பி, விரலால் இரண்டு எழுத்துகளை எழுதினாள். ஒன்று 'டைங்கா', மற்றது 'தத்தா'. நம் டகரமும் தகரமும்தான். ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால்தான் அவன் நாக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்தது. பட்டு என்பதற்கும் பத்து என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியாத பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் வாய் திறந்து பேசியது அப்போதுதான். நாக்கு நுனி பல்லைத் தொட்டால் தகரம், மேலே வளைந்தால் டகரம் என்று தமிழ் வகுப்பில் சொல்வதை அவனுக்கும் சொன்னோம். மாவு படிந்த கையால் அவன் இரண்டு எழுத்தையும் மாறி மாறி எழுதினான். "உங்கள் மொழியில் எத்தனை எழுத்து?" என்று கேட்டான். இருநூற்று நாற்பத்தேழு என்றோம். தன்னுடையது முப்பத்தைந்துதான் என்று மிகவும் ஆறுதலடைந்தான். குர்முகி எழுத்தைச் செப்பம் செய்தவர் குரு அங்கதர். பிள்ளைகள் படிக்க எழுத்துச் சுவடிகளும் தந்தார் என்பது மரபு. 1504-இல் பிறந்து 1552-இல் மறைந்தவர். அவர் தொடங்கிய பாடம் ஒரு ரொட்டிப் பலகையில் நடந்துகொண்டிருந்தது.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் மகன் சிறுவனாக இருந்தபோது கோயில் விழாவில் தேவாரம் பாடினான். கையில் வைத்திருந்த தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களேதாம். தமிழ் சொல்லிக் கொடுக்கும் நாங்களே! "நேரமில்லை, இந்த ஒருமுறை மட்டும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். மேடையில் அவன் பாட, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினோம். ழகரம் போனது எங்களுக்குக் கேட்கத்தான் செய்தது. இன்று அவன் நல்ல வேலையில் இருக்கிறான், தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கமாட்டான். அண்டை வீட்டாரின் மொழிக்குக் கடல் தாண்டிப் போய் ஒலி திருத்தியவர்கள், வீட்டில் செய்ததை எண்ணிக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தோம்.

வெளிநாட்டுக்குத் தொண்டூழியம் போகிறவர்கள் இக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய இளம் சீக்கியர் சங்கம் சிங்கப்பூர் இளைஞர்களைப் பஞ்சாப் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று பள்ளிகளில் பணி செய்ய வைத்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் பொதுவாக இத்தகைய பயணங்களில், போகிறவர் தமக்குத் தெரிந்ததைக் கொடுக்கத்தான் துடிக்கிறார். அங்கே குறைவாக இருப்பது எது என்று கேட்பதில்லை. ஐந்து நாள் கழித்து நாம் திரும்பிவிடுவோம். பாத்திரங்களும் பிள்ளைகளும் அங்குள்ளவர் பொறுப்பில்தான் இருக்கும். பேச்சாளர் ஒருவர் கூடுதலாக வருவதைவிட, கடைசி நாளன்று மெத்தைகளை எண்ணி அடுக்க ஒருவர் தங்கியிருப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்வதற்கென்றே வருகிறவர்களைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

வெளியூரிலிருந்து சிங்கப்பூருக்கு உதவ வருவோரும் உண்டு. இங்கே சமயம் பற்றி உரையாற்ற வரும் வெளிநாட்டவருக்கு மனிதவள அமைச்சின் தனி அனுமதி தேவை. சுற்றுப்பயணியாக வந்து அப்படியே மேடையேறிவிட முடியாது. பல இனத்தார் வாழும் நாட்டில், 1990-இல் சமய நல்லிணக்கப் பாதுகாப்புச் சட்டமே இயற்றிய நாட்டில், இது வியப்பன்று. அழைப்பவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தலையை மூட ஒரு துணி வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். புகையிலையும் மதுவும் பக்கத்திலும் வரக்கூடாது. உணவு முழுவதும் சைவம். தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அதை முன்பே சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை. பிள்ளைகள் தங்கும் அறைக்குள் எந்தப் பெரியவரும் தனியாகப் போகாமல், இருவராகவே போவது நல்லது. வேற்றுச் சமயத்தார் என்பதால் எங்களை வழிபடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. நாங்களும் பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

அவ்வளவு தூரம் போவதற்கு முன்பு, டவுனர் சாலைக் கோயிலுக்கே ஒருநாள் போய் வரலாம். பூன் கெங் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. காலணியைக் கழற்றி, கைகால் கழுவி, தலையை மூடிக்கொண்டு லங்கர் கூடத்துக்குப் போனால் யார் என்று கேட்கமாட்டார்கள். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். உண்டு முடித்ததும் தட்டைக் கழுவும் இடத்தில் எப்போதும் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மகனும் இப்போது அங்கே எங்களோடு நிற்கிறான். வீடு திரும்பும் வழியில், சிராங்கூன் சாலைக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். சென்ற வாரம் நகைக்கடை வரையில் வந்திருக்கிறோம்.