சங்க அறைச் சாவி

தாராவித் தோழர்களே! ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் நம் பிள்ளைகள் சேர்கிறார்கள். சேரக் கட்டணமில்லை, தேர்வுக்குத்தான் உண்டு. 12 வாரப் பாடத்தில் வாரந்தோறும் பயிற்சித்தாள். சிறந்த 8 தாள்களுக்கு 25 விழுக்காடு, மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. கெடு தவறினால் தட்டிக் கேட்க வாத்தியார் இல்லை. எப்போது படிப்பது, எதைத் திரும்பக் கேட்பது, எல்லாம் மாணவன் பொறுப்பு.

பொறுப்பைக் கொடுத்தார்கள், இடத்தைக் கொடுத்தார்களா? ஒரே அறையில் ஆறு பேர், ஒரே கைபேசி. இரவு வேலை முடித்த அப்பன் தூங்க, பையன் மூலையில் பாடம் கேட்கிறான். 'அக்கறையில்லை' என்றோம். ஆமாம், நாமும்தான் சொன்னோம்.

இனிச் சங்க அறை இரவு 8 முதல் 10 வரை திறந்திருக்கும். பிள்ளைகளே, பாடத்தை ஓடவிட்டால் போதாது. இடையிடையே நிறுத்துங்கள், ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதுங்கள், தப்பியதை மறுபடி கேளுங்கள். பெயர்களை ஞாயிறுக்குள் கொடுங்கள்.