ஒண்ணு இருக்கும்போது தத்தெடுக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் வீட்டு லோன் கணக்கு போட்டோம். இந்த வாரம் எந்தக் கணக்குக்குள்ளயும் வராத ஒரு விஷயம். என் வீட்டுல ஒரு வருஷமா ஓடிட்டிருக்கிற பேச்சு.

எனக்கு 29 வயசு. ஒரு பொண்ணு, அஞ்சு முடிஞ்சிருக்கு. காலேஜ் முடிச்ச கையோட கல்யாணம், உடனே குழந்தை, அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். இன்னொரு குழந்தை வேணும்னு எங்க ரெண்டு பேருக்குமே ஆசை. அதைத் தத்தெடுத்துக்கலாமான்னு யோசிக்கிறோம். உடம்புல ஒரு பிரச்சினையும் இல்லை. இதைச் சொன்னதும்தான் எல்லாரும் குழம்பிடறாங்க. குழந்தை இல்லாதவங்க தத்தெடுத்தா ஊரே பாராட்டும். ஒண்ணு இருக்கிறவங்க எடுத்தா, "ஏன்?"

எங்க அத்தை, அதாவது மாமியார், கோபப்படல. நிஜமாவே புரியாமத்தான் கேட்டாங்க. "நல்லாத்தானேம்மா இருக்க, இன்னொண்ணு பெத்துக்கறதுக்கு என்ன?" அப்ப நான் சொன்ன பதில், "எவ்வளவோ குழந்தைங்க வீடு இல்லாம இருக்காங்க அத்தை." கேக்க நல்லா இருக்குல்ல? அது பாதிதான் உண்மைன்னு அப்புறம் தெரிஞ்சுது.

இந்தியாவுல இளைஞர் நீதிச் சட்டப்படி நடக்கிற தத்தெடுப்பு எல்லாம் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், சுருக்கமா காரா, அவங்க போர்ட்டல் வழியாத்தான். ஆசிரமத்துக்கு நேரா போய் ஒரு குழந்தையைப் பார்த்துப் பிடிச்சுத் தூக்கிட்டு வர்றதெல்லாம் சினிமாவோட சரி. அங்க பதிவு பண்ணிக் காத்திருக்கிற பெற்றோர் எண்ணிக்கை, சட்டப்படி தத்துக்குத் தயாரா இருக்கிற குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். ஆரோக்கியமான கைக்குழந்தை வேணும்னா மூணு வருஷத்துக்கு மேலயும் காத்திருக்கணும். ஆக, நான் போகலைன்னா அந்தக் கைக்குழந்தைக்கு வீடு கிடைக்காதுன்னு சொல்றது பொய். உண்மையிலேயே காத்துக்கிட்டிருக்கிறது கொஞ்சம் பெரிய குழந்தைங்களும், உடம்புக்கோ மனசுக்கோ கூடுதல் கவனிப்பு தேவைப்படுற குழந்தைங்களும்தான்.

சரி, பெரிய குழந்தையா எடுக்கலாம்னு பார்த்தா அங்க ஒரு விதி. குழந்தைக்கும் அம்மா அப்பா ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது 25 வயசு வித்தியாசம் இருக்கணும். எனக்கு 29ன்னா, நாலு வயசு வரைக்கும்தான். இதுல ஒரு காமெடி என்னன்னா, எனக்கும் நான் பெத்த பொண்ணுக்கும் 24 வயசுதான் வித்தியாசம். காரா கணக்குப்படி என் பொண்ணையே எனக்குத் தர மாட்டாங்க.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். 2022 விதிமுறைகள்படி, ஏற்கனவே ரெண்டு குழந்தைங்க இருக்கிற தம்பதிக்கு, சிறப்புத் தேவை உள்ள குழந்தைங்க, இல்லைன்னா ரொம்ப நாளா வீடு அமையாத குழந்தைங்க, இவங்களைத்தான் தருவாங்க. உறவுக் குழந்தைன்னா வேற. ஒண்ணு இருந்தா சாதாரண வரிசையிலயே நிக்கலாம். அதனால "முதல்ல ரெண்டு பெத்துக்கோங்க, அப்புறம் மூணாவதா எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற பெரியவங்களுக்கு இதைத்தான் சொல்லணும். அந்த வரிசையில கதவு மூடிடும்.

நிறைய பேர் கேட்ட கேள்வி: பொண்ணு இருக்கும்போது இன்னொரு பொண்ணைத் தத்தெடுக்கலாமா? 1956ஆம் வருஷ இந்து தத்தெடுப்புச் சட்டத்துல முடியாது. மகள் இருந்தா மகள் கூடாது, மகன் இருந்தா மகன் கூடாது. ஆனா இளைஞர் நீதிச் சட்டம் வழியா, அதாவது காரா வழியா, தாராளமா முடியும். இந்த ரெண்டு சட்டமும் முட்டிக்கிட்டப்போ, 2009ல பம்பாய் உயர் நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்துச்சு. பெத்த மகள் இருக்கிற தம்பதி, பாதுகாவலரா வளர்த்துட்டிருந்த இன்னொரு பெண் குழந்தையைச் சட்டப்படி மகளாக்கிக்கலாம்னு தீர்ப்பு. எழுதினவர் டி.ஒய். சந்திரசூட். பின்னாடி தலைமை நீதிபதி ஆனாரே, அவர்தான். ரெண்டு மகன்கள் இருக்கிற அவர் வீட்டுலயும் பிற்பாடு ரெண்டு வளர்ப்பு மகள்கள் வந்தாங்க.

சட்டம் இவ்வளவுதான். எனக்குப் பயம் வேற இடத்துல.

எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா. ஒரு பையன் பெத்தவங்க, அவனுக்கு ஆறு வயசு இருக்கும்போது ரெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணைத் தத்தெடுத்தாங்க. அவங்ககிட்ட என் "எவ்வளவோ குழந்தைங்க" வசனத்தைச் சொன்னேன். அக்கா டீயைக் கீழ வெச்சுட்டு, "உதவி பண்றேன்னு நினைச்சா எடுக்காத. உதவி வாங்கினவ ஆயுசுக்கும் நன்றி சொல்லிட்டே இருக்கணும். நீ பெத்தவ உனக்கு நன்றி சொல்றாளா?"ன்னாங்க. என் பொண்ணு தட்டுல சாதத்தை வெச்சா மூஞ்சியைத் திருப்பிக்கிறவ. வாய் மூடிக்கிட்டேன்.

அப்புறம் அவங்க அந்த முதல் மாசங்களைப் பத்திச் சொன்னாங்க. பாப்பா அக்காவைத் தொடவே விடல, அப்பாகிட்ட மட்டும்தான் போவா. பிஸ்கட்டைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெப்பா. ஒரு வாரத்துல பையனும் பிஸ்கட் ஒளிக்க ஆரம்பிச்சான், அப்புறம் படுக்கையை நனைச்சான். "எனக்கு அவமேல கோபம் வந்துச்சு. என் பிள்ளையைக் கெடுத்துட்டாளேன்னு தோணுச்சு. 'என் பிள்ளை'ன்னு தோணுச்சு பாரு, அதுக்கு ராத்திரி பூரா அழுதேன்." எப்ப மாறுச்சுன்னு கேட்டேன். தேதி எல்லாம் இல்லையாம். ஒரு தீபாவளிக்குப் பெரியவங்க யாரோ பேரனுக்கு மட்டும் மோதிரம் போட்டிருக்காங்க. அக்கா அதைக் கழட்டிக் கையில குடுத்துட்டு, "ரெண்டு வாங்கும்போது சொல்லுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. சொன்னதுக்கு அப்புறம்தான் தனக்கே தெரிஞ்சுதாம்.

அந்த அக்கா மாதிரி என்னால சொல்ல முடியுமா? எங்க அத்தை கையில இருக்கிற மோதிரத்தை, அதுவும் என் பொண்ணுக்குன்னு கொண்டு வந்ததை, திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வருமா? தெரியல. ரெண்டாவதையும் பெத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, ஏன்னா அத்தையே ரெண்டு வாங்கியிருப்பாங்க.

"கன்னத்தில் முத்தமிட்டால்" படத்துல அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாள்லதான் விஷயத்தைச் சொல்வாங்க. பார்க்கும்போது அழுதேன், இப்ப நினைச்சா எரிச்சலா வருது. அவ்வளவு நாள் ஏன் வெச்சிருந்தீங்க? எங்க வீட்டுல அந்த ரகசியத்துக்கு வழியே இல்லை. பக்கத்துல ஒரு ஆறு வயசு சாட்சி இருக்கு. அம்மா வயிறு பெருசாகல, பாப்பா மட்டும் வந்துடுச்சுன்னு ஸ்கூல் வேன் பூரா சொல்லிடுவா. அது நல்லதுக்குத்தான்.

அந்தச் சாட்சிக்கு ஒரு வேலையும் இருக்கு. வீட்டுல அஞ்சு வயசுக்கு மேல குழந்தை இருந்தா, அதோட சம்மதமும் ஆவணங்கள்ல சேரணும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் பேசுவாங்க. போன ஞாயித்துக்கிழமை அவகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன்.

"நான் சரின்னு சொன்னாத்தான் பாப்பா வருமா?"

"உன்னையும் கேப்பாங்க."

"பாப்பா எங்க தூங்கும்?"

"உன் ரூம்லதான்."

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "யோசிச்சுச் சொல்றேன்"னுட்டு கார்ட்டூன் பார்க்கப் போயிட்டா. இன்னும் சொல்லல. போர்ட்டல்ல பதிவுப் பக்கத்தை லேப்டாப்ல திறந்தே வெச்சிருக்கேன், பாதி நிரப்பினபடி.

உங்க வீட்டுல இப்படி ஒரு பேச்சு ஓடியிருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.