கிழக்காசியக் கல்விக்கு வேண்டுவன
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, கிழக்காசியக் கல்வியை முதன்மைப் பாடமாகக் கொண்டு இளங்கலை பயில விழையும் ஒரு மாணவியினுடையது. “சீனமும் ஜப்பானியமும் கற்று யாது பயன்?” என்று உறுப்பினர் சிலர் வினவினர். பொதுப்பொருளைக் காப்போர் அங்ஙனம் வினவுதல் குற்றமன்று. ஆயினும், அக்கல்வி மாணாக்கர்பால் எவற்றை வேண்டுகின்றது என்பதை அறிந்தபின் முடிவுசெய்தலே முறையாகும்.

முதலாவது வேண்டுவது மொழிப்பயிற்சி. சீனம், ஜப்பானியம், கொரியம் என்னும் மூன்றனுள் ஒன்றையேனும் பல்லாண்டு இடையறாது கற்றல் வேண்டும். ஆங்கிலம் அறிந்தார் இவற்றுள் ஒன்றில் தொழிலுக்குரிய தேர்ச்சி பெற ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி வேண்டுமென்று அமெரிக்க அரசின் வெளியுறவுப் பயிற்சிக்கழகம் கணக்கிட்டுள்ளது. ஜப்பானில் அன்றாட வழக்கிற்கென 2010-ஆம் ஆண்டில் வரையறுத்த சீன எழுத்துக்கள் மட்டும் 2,136 ஆகும். செசோங் மன்னர் 1446-இல் வெளியிட்ட கொரிய எழுத்தோ எளிது. இன்று அதன் அடிப்படை எழுத்துக்கள் 24.

ஈண்டுத் தமிழ் மாணாக்கர்க்கு ஒரு நலமுண்டு. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் பயனிலை இறுதியில் நிற்கும், உருபு பெயர்க்குப் பின் வரும், அடை முன்னிற்கும். நன்னூல் கற்றார்க்கு இந்நடை புதிதன்று. இதுகொண்டு இவை தமிழோடு ஓரினம் என்று கூற யாம் துணியோம். கற்றற்குத் துணையாம் என்பதே எம் கருத்து.

இரண்டாவது, பரந்த பார்வை. சீன எழுத்தும், கன்பூசியசின் அறமும், பௌத்தமும் கொரியாவிலும் ஜப்பானிலும் வேரூன்றின. ஆதலின் ஒரு நாட்டை மட்டும் கற்றார் அதனையும் முற்ற அறியார். வரலாறு, இலக்கியம், சமயம், அரசியல் ஆகியவற்றையும் உடன் பயிலல் வேண்டும். மூன்றாவது, ஆராய்ச்சி. பல பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு மாணாக்கர் ஆய்வுக்கட்டுரை ஒன்று எழுதுகின்றனர்.

இக்கல்வி நமக்கு அயலானதோ? சோழர் தூதர் 1015-இல் சீன அரசவையை அடைந்தனர். சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. இலங்கைக் காலியில் 1911-இல் கண்டெடுத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி திருமாலையும், பாரசீகப்பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. ஒரு மொழி மட்டும் அறிந்தார் அக்கல்லின் மூன்றிலொரு பங்கையே அறிவர். நாம் அந்நிலையிலேயே இருத்தல் தகுமோ?

நம் நாட்டிலும் இதற்கு வழியுண்டு. இரவீந்திரநாத தாகூர் 1937-இல் சாந்திநிகேதனத்தில் சீன பவனத்தைத் திறந்தார். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இம்மூன்று மொழிகளிலும் இளங்கலைப் படிப்பு உண்டு.

ஒன்று வெளிப்படையாகக் கூறுவோம். சில ஆண்டுகட்குமுன் ஜப்பானியம் கற்க விழைந்த மாணவன் ஒருவனை, “வீண் முயற்சி” என்று யாமே தடுத்தோம். அவன் எம் சொல்லைத் தட்டாது வேறு பாடம் எடுத்தான். அதில் மனம் பற்றாது இடையிலே விட்டான். அறியாததை அறிந்தார்போல் உரைத்த பிழை எம்முடையது.

ஆதலின், இம்மாணவிக்கு முதலாண்டு உதவி வழங்குக. மொழியில் அவள் காட்டும் தேர்ச்சி கண்டு ஆண்டுதோறும் தொடர்க. வேலை உறுதி என்று யாம் கூறவில்லை; எக்கல்விக்கும் அவ்வுறுதி இல்லை. உழைப்பவளுக்கு வாயிலை அடையாதிருத்தலே நம் கடன்.