அம்மாவின் சர்க்கரை, மகனின் வருகைப் பதிவேடு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நவம்பர் 14 என்றால் நமக்குக் குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேண்டிங் பிறந்ததும் அதே நாளில்தான். அதனால் அது உலக நீரிழிவு நாளும்கூட.

நான் பணிபுரிவது அமராவதி நகர்ப் பக்கம். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தினமும் தாமதமாக வருவான். நானும் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தனியாக அழைத்துக் கேட்டபோதுதான் சொன்னான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் இன்சுலின் போட்டு, சாப்பிடவைத்து, வண்டி ஏற்றிவிடுவது இவன்தான். அதற்கு முந்தைய வாரம் ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமாகிவிட, அம்மாவுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டதென்று பயந்து, இவன் சர்க்கரை இல்லாத காப்பியைக் கொடுத்திருக்கிறான். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார்.

“இறங்கினாலும் ஆபத்துன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்” என்றான்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம். இவை தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடியும் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் போதும். உயிரியல் ஆசிரியர்தான் எழுத வேண்டும் என்றில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கால் புண்ணுக்கு நான்கு வருடம் கட்டு மாற்றியவன் நான். அவருடைய பரிசோதனைச் சீட்டுகள் தடித்த கோப்பாக என்னிடம் இருந்தன. அதில் என் பெயரில் ஒரு சீட்டுகூட இல்லை. முப்பத்தாறு வயதில், வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோதுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது.

சென்னை மருத்துவர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய அபாய மதிப்பெண் முறையில் வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோர் நோய் என நான்கே கேள்விகள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம். வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில். நாற்காலியை விட்டு எழாத நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த மாணவன் இப்போதும் தாமதமாகத்தான் வருகிறான். முதல் பாடவேளைக் குறிப்புகளை மதிய இடைவேளையில் எழுதிக்கொள்கிறான். சென்ற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.