நம் கதைகளில் திருநங்கையர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கிப் பாலக்காட்டிற்கு வந்துள்ள தமிழன்பர்களே!

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவர் யாம். புலவர் பேசவேண்டிய பொருளை யாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுகின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன் முன்பதிவுச் சாளரம் ஒன்றில் பணியிலிருந்தோம். சேலையுடுத்த ஒருவர் படிவத்தை நீட்டினார். செல்லுமிடம் விழுப்புரம். ஆண், பெண் என்ற இரண்டில் எதையும் அவர் குறிக்கவில்லை. “இதில் எது?” என்று வரிசை முழுதும் கேட்கும்படி வினவினோம். பின்னால் நின்றோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். “எதைப் போட்டால் சீட்டுக் கொடுப்பீர்களோ அதைப் போடுங்கள், ஐயா” என்றார் அவர். போட்டோம், கொடுத்தோம். அது சித்திரைத் திங்கள் என்பதும், விழுப்புரத்தில் இறங்கிக் கூவாகத்திற்குச் செல்லும் பயணம் அது என்பதும் பின்னரே எமக்கு விளங்கின.

கூவாகம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. களப்பலிக்கு இசைந்த அரவான் மணம் முடித்தே மாள விரும்பினான்; மறுநாள் மாளப் போகின்றவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை; கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது கதை. களப்பலியை வில்லிபாரதமும் பாடுகின்றது. ஆயினும் இத்திருமணத்தைப் போற்றி வளர்த்தவை தெருக்கூத்தும் நாட்டு வழக்குமே. சித்திரை முழுநிலவை ஒட்டித் திருநங்கையர் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலியறுத்து, வளையுடைத்து, வெள்ளையுடுத்து அழுகின்றனர். பிறர் ஒதுக்கியோர் தம் துயரத்தை வாய்விட்டு அழுவதற்கு ஒரு கதை இடம் கொடுத்திருக்கின்றது; இதனினும் பெரிய பணி கலைக்கு வேறென்ன உண்டு? நமக்கு அண்டையிலுள்ள கோவைக் குறிச்சியிலும் சிங்காநல்லூரிலும் அரவான் திருவிழா உண்டு. மேற்சொன்ன நிகழ்ச்சி நடந்த அதே ஆண்டு குறிச்சிக்குக் குடும்பத்தோடு சென்று, அரவானுக்காகக் கண்ணீர் விட்டவரும் யாமே! சாளரத்தில் நகைத்தது அப்போதுகூட நினைவுக்கு வரவில்லை.

நம் பழைய நூல்கள் இவ்வாறு நகைத்தனவா என்று தேடினோம். தொல்காப்பியர் இத்தகையோர் பெயரை உயர்திணையில் வைத்து இலக்கணம் கூறுகின்றார். சிலம்பில் மாதவி ஆடும் பதினோராடலுள் ‘பேடு’ ஒன்று. மகன் அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் வாணனின் சோ நகரில் ஆடியது. பேடி என்ற சொல் கோழைக்குரிய வசையாகவும் ஆயிற்று. மலையாளத்திலோ பேடி என்றால் அச்சமே!

அதே சிலம்பில் சேரன் செங்குட்டுவன் காண ஆடப்பெற்ற கூத்து ஒன்றும் உண்டு. ஆடியவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன், ஆடல் கொட்டிச்சேதம். உடலில் ஒரு பாதி இறைவன், மறுபாதி உமை. இறைவன் பாதி அதிர்ந்தாட, உமையின் பாதியில் பாடகம் அசையவில்லை, மேகலை ஒலிக்கவில்லை, குழை ஆடவில்லை. ஓருடலில் இருபாலும் நிற்பதை அரசன் கண்டு வியந்தான், நகைத்தானல்லன். அது நடந்தது இச்சேரநாட்டில், அன்பர்களே!

சிகண்டியையும் பிருகந்நளையையும் நீங்கள் அறிவீர்கள், விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிறர் சொன்ன கதைகள் இவை. அண்மைக் காலத்தில் அவர்களே தம் கதையை எழுதுகின்றனர். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ பரிவோடு எழுதிய புதினம். எனினும் வெளியிலிருந்து பார்த்து எழுதியது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ உள்ளிருந்து வந்த குரல். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் அவர்கள் தஞ்சை மரபின் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2015இல் கேரள அரசு இவர்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2016இல் எம் முன்பதிவுப் படிவத்திலும் மூன்றாவது இடம் வந்தது. சிறு கட்டந்தான், அன்று அது இருந்திருப்பின் யாம் அக்கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

இனி நம் சங்கத்துச் செய்தி. ஆண்டுதோறும் நாடகத்தின் இடையே சேலை கட்டிய ஆடவர் கைதட்டிக்கொண்டு வந்து காசு கேட்கும் நகைச்சுவைக் காட்சி வருகின்றதன்றோ? பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்திலும் ஆடவரே பெண்வேடம் கட்டுவர், அது கலை. நம்முடையது கேலி. அவ்வேடத்தை மூன்றாண்டுகள் கட்டியவர் யாமேயாதலின் இதைச் சொல்லும் உரிமை எமக்குண்டு. இனிக் கட்டுவதில்லை என்று செயலாளரிடம் கூறிவிட்டோம்.

அவ்விடத்தில் அடுத்த ஆண்டு அரவான் களப்பலியை வைக்கலாம். மோகினியாக நடிக்கக் கோவையிலிருந்து திருநங்கைக் கலைஞர் ஒருவரை அழைக்கலாம். உரிய ஊதியம் கொடுத்து, மற்றக் கலைஞரோடு ஒரே பந்தியில் அமர்த்தி உணவளிக்க வேண்டும். பயணச்சீட்டை யாமே எடுத்துத் தருகின்றோம்.