வீட்டுக்காரர் மறைந்த பிறகு வாடகை யாருக்கு?

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா உயில் இல்லாமல் காலமானார். போயஸ் தோட்ட வீடு எல்லாருக்கும் தெரியும். நம் ஹைதராபாத்திலும் ஸ்ரீநகர் காலனியில் கட்டடம், ஜீடிமெட்லாவில் தோட்டம் இருந்தன. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட சொத்துக்கு யார் பொறுப்பு?

சாதாரணக் குடும்பங்களில் இந்தக் கேள்வியில் அதிகம் தவிப்பவர் வீட்டில் குடியிருப்பவர். வீட்டுக்காரர் இறந்தால் வாடகை ஒப்பந்தம் முறிந்துவிடாது. வாரிசுகள் அவர் இடத்துக்கு வருகிறார்கள். ஆனால் வாடகையை யாரிடம் கொடுப்பது?

வழக்கறிஞராக நான் பார்த்த குடும்பம் ஒன்று, பத்மாராவ் நகரில். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு மகனும் மகளும் தனித்தனியே போன் செய்து, "வாடகையை இனி எனக்கே அனுப்பிடுங்க" என்றிருக்கிறார்கள். கீழ்ப் போர்ஷனில் இருந்த தையல்காரர் இருவருக்கும் அனுப்பவில்லை. தனிக் கணக்கில் போட்டுவந்தார். குடும்பம் கூடிய நாளில் எல்லார் முன்னாலும் தன் கணக்கு நோட்டை விரித்தார்: மாதம், தொகை, மோட்டார் ரிப்பேருக்குக் கழித்தது, அதற்கான பில். அண்ணன் தங்கை குரல் அதோடு தணிந்தது.

அன்றே ஒரு கடிதம் எழுதினோம். வாடகை இனி இந்த ஒரு கணக்குக்கு. ரசீது தருபவர் இன்னார். அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு எங்களுடையது. அம்மா, மகன், மகள் கையெழுத்திட்டார்கள். உள்ளறையில் இருந்த பாட்டியின், அதாவது இறந்தவரின் அம்மாவின், நினைவு யாருக்கும் வரவில்லை!

இதைக் கவனியுங்கள் நேயர்களே. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் உயிலில்லாமல் இறந்தால் அவர் சம்பாதித்த வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே பங்கு பெற்ற தாய்க்கும் உண்டு. கல்யாணமான மகளுக்கும்தான். "என் பிள்ளை வீட்டுல எனக்கெதுக்குடா பங்கு?" என்றார் பாட்டி. "நீங்க போடாம செல்லாது பாட்டி" என்று பேரன் பேனாவைக் கொடுத்தான். தன் முழுப் பெயரையும் தமிழில் எழுத்துக்கூட்டி எழுதினார்.

மற்ற மதத்தவருக்குச் சட்டம் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து வாங்க வேண்டிய காகிதங்கள்: இறப்புச் சான்றிதழ், அரசின் மீசேவா மையம் வழியாகத் தாசில்தாரின் குடும்ப உறுப்பினர் சான்றிதழ், பிறகு மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம். வரி ரசீதில் பெயர் வந்தாலே வீடு தனக்கென்று ஆகிவிடாது. பிரிப்பதானால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாக வேண்டும். அப்பா காலத்து வாடகைப் பாக்கிக்கு வழக்கு என்றால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழும் தேவைப்படும்.

அடுத்த மாத வாடகைத் தேதிக்குள் அந்தக் கடிதம் உங்கள் வீட்டில் குடியிருப்பவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.